இருநூற்றுக்கு மேல்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

சின்ன சகலை எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது, அண்ணி கண்ணாடியை மாற்றினார்களா என்று சின்னவள் கேட்கச் சொன்னாள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நம் மாமா ரயில் என்ஜினுக்குத் தன் காதைக் கொடுத்துவிட்டு வந்தவர். அவர் எங்களோடு வந்து சேர்ந்ததிலிருந்து இந்த வீட்டில் எந்தப் போனும் ஸ்பீக்கரில்தான் பேசுகிறது. நான் உங்களிடம் கேட்கப்போவது அவர் காதில் விழுந்தால் ஒரு வாரம் என்னை வைத்து ஓட்டுவார்.

விஷயம் இதுதான். ஒரு கேமரா வாங்கியிருக்கிறேன். கையில் தூக்கிப் போகிற ஃபிளாஷ் இரண்டு, ஸ்டாண்டு, வெள்ளைக் குடை, தள்ளி வைத்த ஃபிளாஷைக் கேமராவிலிருந்தே அடிக்க வைக்கும் ரேடியோ டிரிக்கர், எல்லாம் கூடவே வந்தன. ஸ்டுடியோவை மூடிய ஒருவர் கொடுத்த பழைய சாமான்கள். மனிதர்களின் முகத்தைப் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். மின்சார அலுவலகத்துப் புகார் கவுன்ட்டரில் பதினைந்து வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். கரண்ட் போன மனிதனின் முகத்தை என்னைவிட அதிகம் பார்த்தவர் இருக்க மாட்டார். ஆனால் நான் எடுத்தால் எல்லோரும் அடையாள அட்டைக்கு நிற்பதுபோல வருகிறார்கள். பேப்பரில் உங்கள் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். உங்களுக்கு ஊர் ஊராகப் போகிற வேலை, எனக்கு ஒரே கண்ணாடித் தடுப்பு. எரிந்துகொண்டே இருப்பதைவிட உங்களிடமே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

இன்னொரு செய்தி. ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர்கள் சங்கத்துக்குப் புதுக் கூடம் கட்டி முடித்துவிட்டார்கள். ஆகஸ்டில் திறப்பு. சங்கத்தில் இப்போது இருக்கிற பதினாறு பேரின் படங்களையும் பெரிதாகப் போட்டு அங்கே மாட்டப்போகிறார்கள். மாமாதான் தலைவர். யார் எடுப்பது என்று பேச்சு வந்தபோது, "பெரிய மாப்பிள்ளை பேப்பர்லதானே இருக்காரு, அவர் வந்து எடுத்துக் குடுப்பாரு" என்றாராம். உங்களுக்குச் சொல்லச் சொன்னார்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்
சின்ன சகலை


ஜனவரி 25

அன்புள்ள சகலைக்கு,

இங்கே இருவரும் நலம். கேமராப் பையை ஒரே தோளில் மாட்டுவதால்தான் முதுகுவலி என்கிறார் டாக்டர். மற்றத் தோளில் மாட்டினால் அந்தப் பக்கம் வலிக்காதா என்று கேட்டேன், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அண்ணி கண்ணாடியை மாற்றிவிட்டாள். இப்போது வீட்டிலுள்ள தூசியெல்லாம் அவளுக்குத் தெரிகிறது, துடைப்பது நான்.

நம் மாமாவின் மாப்பிள்ளைகளில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, சொந்த வீடு, நேரத்துக்குச் சாப்பாடு எல்லாம் உங்கள் பக்கம். என் பக்கம் இருந்தது கேமரா ஒன்றுதான். அதையும் கேட்டுவிட்டீர்கள். விளையாட்டுக்குச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதல் பாடம். ஃபிளாஷைக் கேமராவின் தலையிலிருந்து கழற்றுங்கள். நெற்றிக்கு நேரே அடிக்கிற வெளிச்சம் முகத்தைத் தட்டையாக்கிவிடும், போலீஸ் பதிவுப் படம் மாதிரி இருக்கும். ஃபிளாஷை ஸ்டாண்டில் மாட்டி, உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பக்கமாக, அவர் தலைக்குச் சற்று மேலே வைத்து, குடை வழியாக அடியுங்கள். மூக்கின் நிழல் கன்னத்தில் எங்கே விழுகிறது என்று மட்டும் பாருங்கள். அது உதட்டைத் தொட்டால் ஃபிளாஷ் மிக உயரத்தில் இருக்கிறது. ஷட்டர் வேகத்தை நொடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்காக வைத்துவிட்டு அதை மறந்துவிடுங்கள். வீட்டுக்குள் அது போதும்.

படங்களைப் போனில் அனுப்பக் கூடாது. போன் திரையில் எல்லாப் படமும் அழகாகத்தான் இருக்கும். பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புங்கள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.

மாமா சொன்னதை இரண்டு தடவை படித்தேன். கல்யாணத்தன்று மணமேடைக்குப் பக்கத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அவர் கேட்டது, "போட்டோ புடிக்கிறதுக்கு மாசா மாசம் சம்பளம் குடுத்துடுவாங்களா?" என்று. இந்த இருபத்திரண்டு வருடத்தில் என் வேலையை அவர் கேட்டு வாங்குவது இதுதான் முதல் தடவை. ஜூனில் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினாறு பேரையும் எப்படி நிறுத்துவது என்று இப்போதே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஒன்றை நன்றாகச் செய்துவிட வேண்டும். நான் வருகிறேன் என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

அன்புடன்
பெரிய சகலை


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், உங்கள் நலம் அறிய ஆவல். மாமாவுக்குப் பிடித்த சளி குணமாகிவிட்டது. இருமல் மட்டும் பாக்கி, அதையும் ஸ்பீக்கரில்தான் இருமுகிறார்.

ஆறு பிரிண்ட் வைத்திருக்கிறேன். முதல் மூன்றும் சின்னவள். "ஒரு மூக்கு நிழலுக்காக எத்தனை நேரம்யா உட்கார்றது, அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று எழுந்து போய்விட்டாள். அதனால் மூன்றாவதில் நாற்காலி மட்டும் இருக்கிறது. வெளிச்சம் அதில்தான் சரியாக விழுந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நான்காவதும் ஐந்தாவதும் மாமா. அவர் மூக்குக் கண்ணாடியில் குடை முழுசாகத் தெரிகிறது. எப்படிப் போக்குவது?

ஆறாவது எங்கள் அலுவலகத்து லைன்மேன். மழை நின்றதும் கம்பத்திலிருந்து இறங்கி நேரே வந்திருந்தார். ஸ்டோர் ரூமில் கம்பிச் சுருள்களுக்கு நடுவில் உட்கார வைத்தேன். ஃபிளாஷை இரண்டடி தூரத்துக்குக் கொண்டுவந்து சக்தியைக் குறைத்தேன். பக்கத்தில் வரவர வெளிச்சம் மிருதுவாகிறது, பின்னால் சுவர் இருண்டுபோகிறது. இதை நானே கண்டுபிடித்த மாதிரி அன்றைக்குச் சாப்பிடாமல்கூட இருந்தேன். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று சொல்லிவிடாதீர்கள்.

அண்ணிக்கு என் வணக்கம்.

சின்ன சகலை


மார்ச் 9

அன்புள்ள சகலைக்கு,

சுகமே. மாமாவின் இருமல் நின்றதா?

பிரிண்டுகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், பின்பக்கம் பாருங்கள். கண்ணாடி போட்டவருக்கு ஃபிளாஷை இன்னும் உயர்த்தி இன்னும் பக்கவாட்டில் தள்ளுங்கள். அவர் முகவாயை ஓர் அங்குலம் இறக்கச் சொல்லுங்கள். குடை கண்ணாடியை விட்டு வெளியேறிவிடும். நாற்காலிப் படத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

லைன்மேன் படத்தில் காதோரம் வெளிச்சம் கூடுதல். சட்டைப் பட்டன் ஒன்று மினுங்குகிறது. இடது மேல் மூலையில் கம்பிச் சுருள் ஒன்று வெட்டுப்பட்டிருக்கிறது. ஆரம்பத்தில் எல்லோரும் செய்வதுதான்.

அந்தப் பிரிண்டை மட்டும் திருப்பி அனுப்ப முடியவில்லை. உங்கள் அண்ணி எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். வருகிறவர்களிடம் எல்லாம், "எங்க சின்ன மாப்பிள்ளை புடிச்சது, இப்பத்தான் கத்துக்கறார்" என்கிறாள். அந்தக் கதவில் காய்கறிச் சீட்டு ஒட்டியிருக்கிறது, கேஸ்காரர் நம்பர் ஒட்டியிருக்கிறது. இத்தனை வருடத்தில் என் படம் ஒன்று ஏறியதில்லை. தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அந்த ஆள் என்னைப் பார்க்கிறார்.

ஒரு சந்தேகம். அவர் உங்களை ஏன் அப்படிப் பார்க்கிறார்? என்ன சொல்லி அப்படிப் பார்க்க வைத்தீர்கள்? நான் கேட்டதாக இருக்க வேண்டாம், தொழில் விஷயமாகத்தான்.

பெரிய சகலை


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். இருமல் நின்றுவிட்டது.

லைன்மேனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. கவுன்ட்டரில் பழகிய பழக்கம். மனிதர்கள் கத்தி முடிக்கும்வரை நான் பேசாமல் இருப்பேன். முடித்ததும் ஒரு மாதிரி ஓய்ந்து, நம்மை முதல் தடவையாகப் பார்ப்பார்கள். அப்போது எடுத்தேன், அவ்வளவுதான்.

இதோடு மாமாவின் படம் ஒன்று வைத்திருக்கிறேன். கண்ணாடியில் குடை இல்லை, கவனித்தீர்களா? படத்தில் அவர் சிரிப்பது எனக்கே ஆச்சரியம். அரை மணி நேரம் நான் பேசாமல் உட்கார்ந்திருந்ததில் அவருக்குப் போரடித்து, தான் முதன்முதலில் என்ஜினைக் கிளப்பி அது பின்னால் போன கதையைச் சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

இனி எழுதுவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மாமா அந்தப் படத்தைச் சங்கத்துக்கு எடுத்துப்போய்விட்டார். கையிலிருந்து கைக்குப் போயிருக்கிறது. கூடத்துப் படங்களை நானே எடுக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன். அண்ணா ஜூனில் விடுப்பு போட்டிருக்கிறார், அவர் வரட்டும் என்றேன். மாமா கேட்கவில்லை. "வீட்டுல ஒரு ஆளை வச்சுக்கிட்டு வெளியூர் ஆளுக்கு எதுக்கு மாப்பிள்ளை காத்துக்கிட்டு இருக்கணும்? இவனுங்க ஜூன் வரைக்கும் தாங்கணுமே" என்றார். வெளியூர் ஆள் என்று அவர் யோசித்துச் சொல்லவில்லை. நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மே பத்தாம் தேதி, காலை பதினொரு மணிக்கு. பழைய யார்டில் நிற்கிற என்ஜின் முன்னால்தான் நிற்பார்களாம், சீருடையோடு. நான் போய்ப் பார்த்தேன். அந்த நேரத்தில் என்ஜின் நிழலில் அவர்கள் நிற்க இடம் இருக்கிறது. ஆனால் பின்னால் வெயில் கொளுத்துகிறது. முகத்துக்குச் சரியாக வைத்தால் பின்னணி முழுக்க வெள்ளையாகப் போய்விடுகிறது. ஃபிளாஷ் அடித்தும் பின்னணியை இருட்டாக்க என்ன செய்ய வேண்டும்? அது ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் போதும், மற்றதை உங்கள் பெயரைச் சொல்லிச் சமாளித்துவிடுவேன்.

சின்ன சகலை


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே? என் கடிதம் வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை. கோபமாக இருந்தால் கோபத்தையாவது எழுதுங்கள். பத்தாம் தேதி நெருங்குகிறது.

சின்ன சகலை


ஏப்ரல் 30

அன்புள்ள சகலைக்கு,

நலம். அலுவலகத்தில் வேலை அதிகம், அதனால் தாமதம். கோபம் எதுவும் இல்லை.

மாமாவின் படத்தைப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது. அவர் பல்லை நான் இதுவரை பார்த்ததில்லை என்று உங்கள் அண்ணியிடம் சொன்னேன். அவள் ஃபிரிட்ஜ் கதவில் இடம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் எத்தனையோ மந்திரிகளைச் சிரிக்க வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். மாமாவை ஒவ்வொரு வருடமும் முயன்றிருக்கிறேன். "சட்டுபுட்டுனு முடிங்க மாப்பிள்ளை, கரண்டு செலவாகுது" என்பார். ஃபிளாஷ் பேட்டரியில் ஓடுகிறது என்று சொன்னால் பேட்டரிக்குக் காசில்லையா என்பார். உங்களுக்கு வெறுமனே உட்கார்ந்தே வந்துவிட்டது. கொடுத்து வைத்தவர்.

விடுப்பை ரத்துச் செய்துவிட்டேன். வெளியூர் ஆளுக்கு அங்கே என்ன வேலை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். முகத்துக்கு வெளிச்சம் ஃபிளாஷிலிருந்து வருகிறது, பின்னணிக்கு வெயிலிலிருந்து. ஃபிளாஷ் கண் சிமிட்டும் நேரம்கூட எரிவதில்லை, அதனால் ஷட்டர் வேகம் அதைப் பாதிக்காது. வெயிலைத்தான் குறைக்கும். ஆகவே ஷட்டரை ஏற்றுங்கள். ஐநூறு வையுங்கள். போதவில்லை என்றால் ஆயிரம். பின்னணி தானாக இருண்டுவிடும்.

வேறொன்றும் இல்லை.

பெரிய சகலை


மே 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுதான் சரியில்லை. பத்தாம் தேதி எல்லாம் கெட்டுப்போனது.

முந்தின நாள் சாயங்காலம் யார்டுக்குப் போய்ச் சின்னவளை நிறுத்திப் பார்த்தேன். வெயில் இறங்கியிருந்ததால் நூற்றிருபத்தைந்திலேயே அழகாக வந்தது. மறுநாள் பதினாறு பேரும் தேய்த்த சீருடையோடு வந்துவிட்டார்கள். தொப்பி கிடைக்காத ஒருவர் மட்டும் பேரனுடைய தொப்பியைப் போட்டிருந்தார். எல்லோருக்கும் மூத்தவர், விசில்காரர் என்று கூப்பிடுவார்கள், தன் வீட்டைத் தாண்டும்போது நீளமாக விசில் கொடுத்து அபராதம் கட்டியவர். அவரால் வெயிலில் காத்திருக்க முடியாது என்று முதலில் நிறுத்தினோம்.

நீங்கள் சொன்னபடி ஐநூறு வைத்தேன். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்திருந்தேன். படத்தில் பாதி முகம்தான் இருந்தது. வலது பாதி நன்றாக வெளிச்சமாக, அதற்குப் பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்ததுபோல இடது பாதி இருட்டு. பேட்டரியை மாற்றினேன். இன்னொரு ஃபிளாஷை மாட்டினேன். டிரிக்கரை மாற்றிப் பொருத்தினேன். ஆயிரம் வைத்தால் இருட்டு இன்னும் பெரிதானது. நீங்கள் சொன்ன வேகத்தைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். அவர்கள் நிழலில் நின்றுகொண்டு, "என்ன தம்பி, சிக்னல் விழலையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் கிண்டலாகக் கேட்டார்கள், பிறகு பாவம் பார்த்துக் கேட்டார்கள். பாவம் பார்த்ததுதான் தாங்க முடியவில்லை. ஒரு மணிக்கு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

மாமா குடையை மடக்கித் தூக்கிக்கொண்டு என்னோடு வீட்டுக்கு வந்தார். வந்ததும், "பெரிய மாப்பிள்ளையையே கூப்பிடுங்க. தெரிஞ்சவர் தெரிஞ்சவர்தான்" என்றார்.

அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் வந்து எடுத்துக்கொடுங்கள். நான் குடை பிடிக்கிறேன். எங்கே தப்பு செய்தேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

சின்ன சகலை


மே 18

அன்புள்ள சகலைக்கு,

நீங்கள், சின்னவள், மாமா அனைவரும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம். முதுகுவலிகூட இந்த வாரம் பரவாயில்லை.

மனதைத் தளரவிடாதீர்கள். தொழிலில் இதெல்லாம் சகஜம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தலைவரின் கூட்டத்துக்கு ஃபிலிம் போடாத கேமராவோடு போயிருக்கிறேன். அவர் கையை ஆட்டினார், நான் அமுக்கினேன், இருவருக்கும் பரம திருப்தி. அதோடு ஒப்பிட்டால் உங்களுடையது ஒன்றுமேயில்லை. பழைய டிரிக்கர் அப்படித்தான் காலை வாரும், அதைத் தூக்கிப் போடுங்கள். அன்றைக்கு நான் வெளியூர் வேலையில் இருந்தேன், போன் பையில் இருந்திருக்கிறது.

மாமா கூப்பிட்டால் வராமல் இருப்பேனா? விடுப்பை மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜூன் பதினைந்து வாக்கில் வருகிறேன். என்னுடைய ஃபிளாஷ்கள், என்னுடைய டிரிக்கர், ஒரு பெரிய வெள்ளைத் துணி, எல்லாம் கொண்டுவருகிறேன். பின்னால் இன்னொரு ஃபிளாஷ் வைத்துத் தொப்பியின் விளிம்பில் ஒரு கோடு வெளிச்சம் விழ வைக்கலாம். என்ஜினின் சக்கரத்தைப் பின்னணியில் கொண்டுவரலாம். நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். மாமா இன்னும் என்ன சொன்னார் என்று விவரமாக எழுதுங்கள். "தெரிஞ்சவர் தெரிஞ்சவர்தான்" என்றது எல்லோர் முன்னாலுமா, வீட்டுக்குள்ளா?

உங்கள் அன்பு
பெரிய சகலை


ஜூன் 3

அண்ணாவுக்கு,

நாங்கள் நலம்.

விசில்காரர் இறந்துபோனார். தூக்கத்தில் போய்விட்டார் என்கிறார்கள். அவர் வீட்டில் இருப்பது நாற்பது வயதில் எடுத்த அடையாள அட்டைப் படம் ஒன்று. சீருடையில், இந்த வயதில், பத்தாம் தேதி நான் எடுத்த பாதி முகம்தான் இருக்கிறது. அவர் மனைவி வந்து கேட்டார். "அந்த இருட்டை மட்டும் எடுத்துட முடியாதாப்பா? அன்னிக்கு அவரே சீருடையைத் தேச்சுக்கிட்டாரு" என்றார். மாமா, "எங்க பெரிய மாப்பிள்ளை கிட்ட அனுப்புறோம்மா, அவர் பார்த்துக்குவாரு" என்றார். படத்தின் மூலக் கோப்பு இதோடு இருக்கிற கார்டில் இருக்கிறது.

அவரை அடக்கம் செய்த பிறகு கேமராவோடு வந்த கையேட்டை எடுத்துப் படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டும். உங்கள் கடிதங்கள் இருக்கும்போது அது எதற்கு என்று இருந்துவிட்டேன். ஷட்டர் என்பது இரண்டு திரையாம். வேகம் இருநூற்றைத் தாண்டினால் முதல் திரை முழுதாகத் திறப்பதற்குள் இரண்டாவது திரை மூட ஆரம்பித்துவிடும். அப்போது ஃபிளாஷ் அடித்தால் திறந்திருக்கிற பகுதிக்குத்தான் வெளிச்சம் விழும். இருநூறுதான் எல்லை. கேமராவின் தலையில் ஃபிளாஷை மாட்டியிருந்தால் கேமராவே அந்த எல்லையில் நிறுத்திவிடுமாம். டிரிக்கருக்கு அது தெரியாது. ஃபிளாஷ் வைத்துப் படம் எடுக்கிறவர்கள் முதல் நாளே தெரிந்துகொள்கிற விஷயம் என்று அதில் போட்டிருக்கிறது. உங்கள் ஏப்ரல் கடிதத்தை மறுபடி எடுத்து வாசித்தேன்.

நேற்று அண்ணி சின்னவளோடு பேசிக்கொண்டிருந்தார். இந்த வீட்டுப் போன் எப்படிப் பேசும் என்று உங்களுக்குத் தெரியும். பத்தாம் தேதி நீங்கள் வீட்டில்தான் இருந்தீர்களாம், ஜன்னலுக்குத் திரை மாட்டினீர்களாம். போன் அடித்துக்கொண்டே இருந்ததாம். அண்ணி பேசும்போது மாமா தோட்டத்தில் இருந்தார், அவர் காதில் விழவில்லை.

விசில்காரரின் மனைவி தினமும் வந்து விசாரிக்கிறார்.

இப்படிக்கு
சின்ன சகலை


ஜூன் 27

அன்புள்ள சகலைக்கு,

நலம் விசாரிக்கத் தயக்கமாக இருக்கிறது. எல்லோரும் நலமாக இருங்கள்.

கார்டு வந்த அன்றே வேலையைத் தொடங்கினேன். இருட்டுப் பாதியில் ஃபிளாஷ் விழவில்லையே தவிர, என்ஜின் நிழலில் இருந்த பகல் வெளிச்சம் கொஞ்சம் விழுந்திருக்கிறது. முகம் அதற்குள்தான் இருந்தது. அதைத் தூக்கத் தூக்க மணல் கொட்டியதுபோலப் புள்ளி புள்ளியாக எழும்பியது. புள்ளியைக் குறைத்தால் தோல் மெழுகாகிவிடுகிறது. அதனால் கண்ணை ஒரு தடவை, கன்னத்து மடிப்பை ஒரு தடவை, தொப்பியின் நிழலைத் தனியாக, காலரைத் தனியாக என்று எடுத்தேன். இடது கண் இமைதான் கடைசிவரை படுத்தியது. வலது பக்கத்துக் கண்ணைக் கண்ணாடி பார்ப்பதுபோலத் திருப்பி ஒட்டினால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் அவருக்கு இடது இமை சற்றுத் தொங்கியிருக்கிறது. அது அவருடையது.

முகத்தின் நடுவே இருந்த கோட்டை முழுதாகப் போக்க முடியவில்லை. ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் விடியற்காலை மாதிரியும் இருக்கும். இதற்கு மேல் என்னால் முடியாது. பெரிய பிரிண்ட் தனிப் பொட்டலத்தில் வருகிறது, அவர் மனைவிக்கு ஒன்று சேர்த்து இரண்டு.

சொன்னபடி நான் ஜூனில் வரவில்லை. மற்ற பதினைந்து பேரையும் நீங்களே எடுங்கள். ஷட்டர் இருநூறு, அதற்கு மேல் ஒரு புள்ளிகூடப் போகக் கூடாது. பின்னணியை இருட்டாக்க லென்ஸின் துவாரத்தைப் பதினொன்று என்ற எண்ணுக்கு மூடுங்கள், போதாவிட்டால் பதினாறு. மூடினால் ஃபிளாஷ் வெளிச்சமும் குறையும், அதனால் ஃபிளாஷை முழுச் சக்தியில் வைத்து, படத்துக்குள் குடை தெரியாத அளவுக்கு முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோங்கள். குடையை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும், காற்றில் சாயும். ஏப்ரலில் நான் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்.

பெரிய சகலை


ஆகஸ்ட் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலத்தை அண்ணி மூலம் அறிந்துகொள்கிறேன்.

உடனே பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கடிதம் வேறு மாதிரி வந்தது. கிழித்துப் போட்டேன்.

பதினைந்து பேரையும் ஜூலையில் எடுத்தேன். இருநூறு, பதினொன்று, ஃபிளாஷ் கைக்கெட்டும் தூரத்தில். ஒன்றுகூடக் கெடவில்லை. பேரன் தொப்பிக்காரருக்கு இந்தத் தடவை சொந்தத் தொப்பி கிடைத்துவிட்டது, ஆனால் அவருக்குப் பேரனுடையதுதான் பொருத்தமாக இருந்தது. சின்னவள் குடை பிடித்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கூடத்தைத் திறந்தார்கள். பதினாறு படங்களையும் வரிசையாக மாட்டியிருந்தோம். வந்தவர்கள் என் படங்களைப் பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், நகர்ந்தார்கள். விசில்காரர் முன்னால் போய் நின்றவர்கள் நகரவில்லை. அந்தப் பாதி வெளிச்சமும் பாதி விடியற்காலையுமாக அவர் நம்மைப் பார்க்கிறபோது, அங்கேயிருந்து இங்கே வந்துகொண்டிருக்கிறாரா, போய்க்கொண்டிருக்கிறாரா என்று தெரியவில்லை. அவர் மனைவி ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

மாமா மைக்கைப் பிடித்தார். மைக் அவருக்குத் தேவையில்லை என்று உங்களுக்குத் தெரியும். "மத்ததெல்லாம் நல்லா இருக்கு, சின்னவர் கஷ்டப்பட்டு எடுத்தாரு. ஆனா இந்த ஒண்ணு இருக்கு பாருங்க, இது என் பெரிய மாப்பிள்ளை. போன முகத்தைத் திருப்பிக் கொண்டாந்து குடுத்துட்டாரு. இதுக்கெல்லாம் ஒரு கை வேணும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பார்த்தேன்.

நீங்கள் இத்தனை வருடம் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. நீங்கள் அங்கே இல்லை, அதனால் ஒரு எழுத்து விடாமல் எழுதியிருக்கிறேன்.

இதையும் எழுத வேண்டும். கைதட்டும்போது நான் மாமாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் பதினைந்து படங்களும் அந்தச் சுவரில் இருந்தன, அவற்றை யாரும் பார்க்கவில்லை. அந்த முகம் எப்படிப் பாதியானது, யார் சொன்ன வேகத்தில் பாதியானது என்று மைக்கை வாங்கிச் சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. அந்த அம்மாள் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பற்றிக்கூட நான் நினைக்கவில்லை. கையை நீட்டிவிட்டேன். நானும் பாராட்டிப் பேச ஆசைப்படுகிறேன் என்று மாமா நினைத்து, "வாங்க, நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று கொடுத்தார். நான், "எல்லோருக்கும் டீ இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கொடுத்துவிட்டேன்.

அந்தக் கையை நீட்டிய நேரத்தில், ஏப்ரலில் நீங்கள் எப்படி உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதுவரை உங்கள்மேல் கோபமாக இருப்பது சுலபமாக இருந்தது.

நீங்கள் அடுத்த மாதம் வருவதாக அண்ணி சொன்னார். மாமா உங்களைக் கையோடு கூடத்துக்கு அழைத்துப்போய், அந்தப் படத்துக்குக் கீழே நிறுத்தி, வருகிறவர்களிடம் எல்லாம் காட்டப்போகிறார். இப்போதே ஆட்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன். அங்கே அவர் பக்கத்தில் நிற்கும்போது நீங்கள் என்ன பேசுவது என்பது உங்கள் பொறுப்பு. நான் ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப்போகிறேன்.

சின்ன சகலை